மாமியாரோட கிட்னி

...அப்படி ஒரே மூச்சுல குடிக்காதீங்க தம்பி. பாட்டில் எங்கேயும் ஓடிடாது. ஓடப்போறது நீங்கதான், இன்னும் கொஞ்ச நேரத்துல. இங்க இருக்கிறவங்களைப் பாருங்க, யாராவது நிம்மதியா உக்காந்திருக்காங்களா? அந்தக் கட்டம்போட்ட சட்டைக்காரர் காலை ஆட்டிக்கிட்டே இருக்காரு. அந்தம்மா கண்ணை மூடியிருக்காங்களே, தூங்குறாங்கன்னா நினைச்சீங்க? அடக்குறாங்க. ஒரு லிட்டர் தண்ணி குடிங்க, ஒண்ணுக்குப் போயிடாதீங்க, கூப்பிடுறப்ப வாங்க. எவ்வளவு மரியாதையாச் சொல்றாங்க பாத்தீங்களா. கூப்பிடுறாங்களான்னா, அதான் இல்லை. கேட்டா ஸ்கேன் மிஷின் சூடாயிடுச்சாம், ஆறணுமாம். ஏசி ரூம்ல இருக்கிற மிஷினுக்கு ஓய்வு வேணும். முட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற மனுஷனுக்கு வேணாம்.

விளக்கம் வேற கைவசம் வச்சிருக்காங்க. அடியில இருக்கிற மூத்திரப் பை நல்லா நிறைஞ்சு உப்பினாத்தான் குடலை அந்தாண்ட தள்ளுமாம், படம் தெளிவா விழுமாம். சரிங்க, நிறைச்சாச்சு, படம் எடுக்கிறவர் எங்க? டீ குடிக்கப் போயிருக்காரு. அவர் குடிக்கலாம். அவர் போகலாம்.

நல்லா நகர்ந்து உக்காருங்க, பரவால்லை. உங்களுக்கு என்ன, கல்லா? ...கல்லுதான். இடுப்புல கைய வச்சுக்கிட்டு நீங்க நடந்து வந்தப்பவே நினைச்சேன். முதுகுல ஆரம்பிச்சு, இப்படிச் சுத்தி, முன்னாடி கீழ இறங்குதா? அதேதான். கிட்னியில இருந்து பைக்கு ஒரு குழாய் இறங்குது பாருங்க, ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல நீளம். பருமன்னு பாத்தா ஜூஸ் உறிஞ்சுற குழல்கூட அதைவிடப் பெருசு. அதுல ஒரு கடுகு மாட்டினா ஆறடி ஆள் தரையில உருளுவான். நல்லா யோசிச்சுத்தான் வச்சிருக்காங்க உடம்புக்குள்ள.

எனக்குக் கல்லெல்லாம் இல்லை. எனக்கு உள்ள இருக்கிறது எங்க மாமியார்.

அப்படிப் பாக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். இங்க, வலது பக்கம், அடிவயித்துல, பெல்ட்டுக்குச் சரியாக் கீழ. தொட்டுப் பாக்குறீங்களா? ...வேணாமா, சரி. எங்க மாமியாரோட கிட்னி. என்னுது ரெண்டும் பின்னாடியே இருக்கு, அதை எடுக்க மாட்டாங்களாம். வேலையே செய்யாம சும்மா இருந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டாங்க. ஆகமொத்தம் மூணு. மூணு கிட்னி இருக்கிற மனுஷன் ராஜா மாதிரி இருக்கணும், இல்லையா. நான் உங்க பக்கத்துல உக்காந்து அடக்கிட்டு இருக்கேன்.

இல்லை தம்பி, கதவையே பாத்துட்டு இருக்காதீங்க. பாத்தா அதிகமா முட்டும். பேச்சுக் குடுத்துட்டே இருந்தா தெரியாது. அதுவும் நீங்க நினைக்கிற மாதிரி இப்பக் குடிச்சது நேரா கீழ இறங்கிடாது. முதல்ல குடல் உறிஞ்சணும், ரத்தத்துல கலக்கணும், ரத்தம் கிட்னிக்குப் போகணும். அங்க ஒவ்வொரு கிட்னியிலயும் பத்து லட்சம் வடிகட்டி இருக்காம், கண்ணுக்குத் தெரியாத அளவுல. எங்க டாக்டர் இருக்காரே, அவருக்கு இதைச் சொல்றதுன்னா ஒரு தனி சந்தோஷம். ஒரு நாளைக்கு நூத்தியெண்பது லிட்டர் வடிகட்டுதுங்கிறாரு. நான் சொன்னேன், சார், நான் போறதே ஒண்ணரை ரெண்டு லிட்டர், மிச்சத்தை யார் எடுத்துட்டுப் போறான்னு. அவர் சொல்றாரு, மிச்சம் எல்லாத்தையும் அதுவே திருப்பி ரத்தத்துக்குள்ள அனுப்பிடுதாம்.

எங்க வீட்டுக்காரி அலமாரி சுத்தம் பண்ணுவா. இருக்கிற துணி மொத்தத்தையும் எடுத்துக் கட்டில்ல கொட்டுவா. கொட்டிட்டு ஒண்ணொண்ணாப் பாத்து, இது வேணும், இது வேணும்னு அத்தனையும் திருப்பி அடுக்கிடுவா. கடைசியில வெளிய போறது ஒரு பழைய பனியன், அதுவும் என்னுது. கிட்னி செய்யறதும் அதேதானாம். மொத்தத்தையும் கொட்டிட்டு, சர்க்கரை வேணும் எடுத்துக்கோ, உப்பு இவ்வளவு வேணும் எடுத்துக்கோ, தண்ணி எடுத்துக்கோ. வேண்டாத அழுக்கை மட்டும் கொஞ்சம் தண்ணியில கரைச்சு வெளிய அனுப்பு. இதைத்தான் ராத்திரி பகலா செய்யுது. இது போதாதுன்னு ரத்த அழுத்தத்தையும் அது பாத்துக்குமாம், புது ரத்தம் ஊறச் சொல்லி எலும்புக்கு ஆள் அனுப்புறதும் அதுதானாம். இவ்வளவு செய்யுற சாமான் எனக்குள்ள ரெண்டு இருந்துச்சுன்னு, ரெண்டும் போனப்புறம்தான் எனக்குச் சொன்னாங்க.

எப்படிப் போச்சுன்னா கேக்குறீங்க? ...கேக்கலையா. சொல்றேன்.

துறைமுகத்துல கிரேன் ஓட்டுறேன் நான். கப்பல்ல இருந்து பெட்டி எடுத்து லாரியில வைக்கிறது. மேல கண்ணாடிக் கூண்டு, அதுக்குள்ள நான். கூண்டுல எல்லாம் உண்டு, கக்கூஸ் மட்டும் கிடையாது. ஒண்ணுக்குப் போகணும்னா ஏணி இறங்கி, கூட்ஸ் ஷெட்டைத் தாண்டிப் போகணும். நான் இறங்கினா கீழ லாரி வரிசை நிக்கும், சூப்பர்வைசர் மைக்குல கூப்பிடுவான், "ஐயா எங்க போயிட்டாருன்னு யாராவது பாத்தீங்களா"ன்னு. துறைமுகத்துக்கே கேக்கும். அதனால என்ன பண்றது, குடிக்கவே கூடாதுன்னு முடிவு பண்ணேன். வாய் காஞ்சா ஒரு மிட்டாய். புத்திசாலித்தனம்.

அதுக்கும் மேல பிரஷர். கம்பெனி டாக்டர் பாத்து மாத்திரை எழுதிக் குடுத்தாரு. எனக்கு ஒண்ணுமே செய்யலையே, நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை? கிட்னி அப்படித்தானாம் தம்பி, கொஞ்சம் கொஞ்சமாப் போறப்ப சத்தமே போடாது. பல்லு வலிச்சாக்கூட ஊரைக் கூட்டும். இது பாதிக்கு மேல போற வரைக்கும் வாயைத் திறக்காது. அந்த விஷயத்துல எங்க மாமியார் மாதிரி.

முதல்ல ஒண்ணுக்குப் போறப்ப நுரை வந்துச்சு. சோப்புத் தண்ணி மாதிரி. என் வீட்டுக்காரி பாத்ரூம் கழுவுற மருந்தை மாத்திட்டான்னு நினைச்சு அவளைத் திட்டினேன். அப்புறம் பூட்ஸ் பத்தலை. ஸ்டோர் கீப்பர்கிட்ட சண்டை, அளவு தப்பாக் குடுத்துட்டான்னு. பெருசு குடுத்தான். அதுவும் பத்தலை. என்னய்யா கம்பெனி இது, சின்னப் பசங்களுக்குத் தைக்கிற பூட்ஸைக் குடுக்குறீங்கன்னு கத்தினேன். அந்த ஆள் ரொம்ப நேரம் என் காலையே பாத்துட்டு, "பூட்ஸ் சரியாத்தான் இருக்கு, கால்தான் தப்பா இருக்கு"ன்னான். அன்னிக்கு அவனை அடிக்காம விட்டது பெரிய விஷயம். அடுத்த வாரம் டாக்டரும் அதையேதான் சொன்னாரு, கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து.

அப்புறம் டயாலிசிஸ். பாத்திருக்கீங்களா? பாக்காம இருக்கிறதே நல்லது. உடம்பு ரத்தத்தை வெளிய எடுத்து, ஒரு மிஷினுக்குள்ள விட்டுச் சுத்தம் பண்ணி, திருப்பி ஏத்துவாங்க. வாரத்துக்கு மூணு தடவை, அரை நாள் கட்டில்ல. ரெண்டு கைப்பிடி அளவு சாமான் உள்ள சத்தமில்லாமச் செஞ்ச வேலையை, ஒரு ஃபிரிட்ஜ் அளவு மிஷின் முக்கி முனகிச் செய்யும், அதுவும் அரைகுறையா. முடிஞ்சு வெளிய வந்தா துணியைப் பிழிஞ்சு போட்ட மாதிரி இருக்கும். அந்தச் சமயத்துல தண்ணி குடிக்கக் கூடாது. ஏன்னா போற வழி அடைச்சிருக்கு, குடிச்சா நுரையீரல்ல நிக்கும். வேலை செய்யுறப்ப குடிக்காம இருந்தவன், குடிக்கக் கூடாதுன்னதும் குழாயைக் கண்டாலே நின்னு பாப்பேன். ஒரு ஐஸ் கட்டியை வாயில போட்டு அது கரையுற வரைக்கும் அழகு பாப்பேன். நல்லா இருக்குல்ல?

மாத்து கிட்னிதான் வழின்னாங்க. யார் குடுப்பா? வீட்டுக்காரி நான் தர்றேன்னு நின்னா, அவளுக்குச் சர்க்கரை, ஆகாதுன்னுட்டாங்க. எங்க அண்ணன் இருக்காரு. உடம்பை அப்படி வச்சிருப்பாரு. காலையில எந்திரிச்சு ஓடுவாரு. என் தம்பிக்கு இல்லாத கிட்னியான்னு கட்டில் பக்கத்துல நின்னு கண்ணு கலங்கினாரு. பக்கத்துக் கட்டில்காரரெல்லாம் என்னைப் பாத்துப் பொறாமைப்பட்டாங்க. டெஸ்ட்டுக்கு வரச் சொன்ன அன்னிக்கு அவருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. அடுத்த வாரம் அண்ணிக்கு ஏதோ கனவு வந்துச்சாம். அதுக்கடுத்து ஃபோன் போகலை. இப்பவும் காலையில ஓடிட்டுத்தான் இருக்காரு, நல்ல வேகம்.

நான் அவரைக் குத்தம் சொல்லலை. பயம் யாருக்குத்தான் இருக்காது. நேரா வந்து, எனக்குப் பயமா இருக்குடான்னு சொல்லியிருந்தா நானே போப்பான்னு அனுப்பியிருப்பேன். கனவு வந்துச்சாம்.

இப்ப மாமியார் கதைக்கு வர்றேன். காலைக் கொஞ்சம் மாத்திப் போட்டு உக்காருங்க, உதவும்.

எங்க மாமியார் பெண்கள் விடுதியில காப்பாளரா இருந்தவங்க. இருநூறு பொண்ணுங்களை ஒரு கைதட்டல்ல தூங்கவைக்கிற ஆள். மாமனார் போனப்புறம், வேலையும் முடிஞ்சு, ரெண்டு பெட்டியோட எங்க வீட்டுக்கு வந்தாங்க. எனக்கு யாரும் சொல்லலை. நான் ஷிஃப்ட் முடிச்சு வர்றேன், ஹால் நடுவுல பெட்டி. எங்க வீட்டு ஹால்ல நாலு பேர் நின்னா அஞ்சாவது ஆள் பால்கனியில நிக்கணும். நான் சமையலறைக்குப் போய் வீட்டுக்காரிகிட்ட, நமக்கே இங்க இடமில்லை, இதுல இன்னொரு ஆளாக்கும்னேன். மெதுவாத்தான் சொன்னேன். கிரேன்காரன் மெதுவாச் சொன்னா எப்படி இருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க.

அந்தம்மா குடிச்ச டம்ளரைக் கழுவிக் கவுத்து வச்சாங்க. பெட்டியைத் தூக்கிக்கிட்டாங்க. வந்த வண்டி இன்னும் தெருமுனையிலதான் நின்னுச்சு, அதையே கூப்பிட்டு ஏறிப் போயிட்டாங்க. நான் என்ன பொய்யா சொன்னேன்? வீடு சின்னது. அளந்து பாக்கட்டும்.

அதுல இருந்து என்கூடப் பேச்சு கிடையாது. வருஷக்கணக்கா. வீட்டுக்கு ஃபோன் பண்ணுவாங்க, நான் எடுத்தா வச்சிடுவாங்க. ஏதாவது விசேஷத்துல பாத்தா, நான் எதிர்ல நிக்கிறேன், அவங்க மககிட்டச் சொல்லுவாங்க, "அவருக்குக் காபி வேணுமான்னு கேளு." நானும் விடுவேனா? "உங்கம்மாகிட்ட வேணாம்னு சொல்லு." இப்படியே ஓடிட்டு இருந்துச்சு. ஒரு மாதிரி வசதியாவும் இருந்துச்சு, உண்மையைச் சொல்லணும்னா.

நான் டயாலிசிஸ்ல கிடக்கிறப்ப ஒரு நாள் டாக்டர் கூப்பிட்டு, உங்க மாமியாருக்கும் உங்களுக்கும் நல்லாப் பொருந்துதுங்கிறாரு. நான் சொன்னேன், சார், வேற யாரையோ சொல்றீங்க, எங்களுக்கு எதுவுமே பொருந்தாது. அப்பத்தான் தெரியுது, அந்தம்மா தன்னால வந்து, தன்னால ரத்தம் குடுத்து, எல்லா டெஸ்ட்டும் முடிச்சிருக்காங்க. மகளுக்கே தெரியாது.

யாராவது கட்டாயப்படுத்தினாங்களான்னு ஒரு குழு உக்காந்து கேப்பாங்க. விதிமுறை. எதுக்கும்மா உங்க மருமகனுக்குக் குடுக்குறீங்கன்னு கேட்டாங்க. அந்தம்மா சொல்லியிருக்காங்க, "அவருக்கு யார் குடுக்குறா? என் பொண்ணுக்குக் குடுக்குறேன். அது இருக்கப்போறது அவர் வயித்துல, அவ்வளவுதான்." டாக்டர் சிரிச்சிட்டாராம். அப்புறம் எல்லாரும் உக்காந்திருக்கோம், நான், வீட்டுக்காரி, அந்தம்மா, டாக்டர். புது கிட்னியைப் பழைய இடத்துல வைக்க மாட்டோம், முன்னாடி அடிவயித்துல வைப்போம்னு அவர் படம் போட்டுக் காட்டுறாரு. அந்தம்மா மககிட்டத் திரும்பி, "அங்க இடமிருக்கான்னு அவர்கிட்ட நல்லாக் கேட்டுக்கோ"ன்னாங்க.

நான் அந்தப் படத்தையே பாத்துட்டு இருந்தேன். கழுத்தைத் திருப்பலை.

ஆபரேஷன் ஆச்சு. எனக்கு முழிப்பு வர்றப்ப நர்ஸ் ஒரு பையைக் கையில தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு நிக்குது. பொன்னு மாதிரி மஞ்சளா, நிறைய. என்னதுன்னேன். உங்க ஒண்ணுக்குத்தான் ஐயான்னுச்சு. உள்ள வச்சுத் தைக்கிறதுக்குள்ளேயே வேலையை ஆரம்பிச்சிடுச்சாம் அது. மேஜை மேலயே. விடுதி நடத்தின கிட்னி இல்லையா, வந்த இடத்துல சும்மா இருக்குமா. பக்கத்து வார்டுல அந்தம்மாவுக்கு மயக்கம் தெளிஞ்சிருக்கு. வலிக்குதாம்மான்னு கேட்டிருக்காங்க. மகளைக் கூப்பிட்டு, "ஒண்ணுக்கு வந்துச்சான்னு கேளு"ன்னாங்களாம். ரெண்டு வார்டுக்கும் நடுவுல என் வீட்டுக்காரி ஓடி வர்றா, அழுதுக்கிட்டே, எல்லார் முன்னாடியும் சத்தமாக் கேக்குறா, வந்துச்சான்னு. வந்துச்சுன்னு நர்ஸ் பையைத் தூக்கிக் காட்டுது. கல்யாணத்தப்பகூட என்னை இவ்வளவு பேர் சந்தோஷமாப் பாக்கலை.

இதுவரைக்கும் சரி. இதுக்கப்புறம்தான் வம்பே.

ரெண்டு பேருக்கும் தையல். ரெண்டு பேரையும் ஒரே ஆள் பாக்கணும். அதனால ரெண்டு பேரும் எங்க வீட்ல. ஹால்ல ஒரு கட்டில் நான், எதிர்க் கட்டில் அவங்க. நடுவுல மருந்து மேஜை. இருமினா தையல் இழுக்கும், சிரிச்சா இழுக்கும். நாங்க சிரிக்கிற ஆபத்து இல்லை. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எதிர் எதிரே படுத்துக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம டிவி பாத்தோம். ரிமோட் அவங்ககிட்ட. அவங்க பாத்த சீரியல்ல யார் யாருக்கு என்ன துரோகம் பண்ணாங்கன்னு இப்பவும் கேளுங்க, சொல்றேன்.

தையல் ஆறிடுச்சு. அவங்க போகலை. நான் போங்கன்னு சொல்ல முடியுமா தம்பி? எந்த வாயால சொல்லுவேன்? அவங்க மிச்சமிருக்கிற ஒரு கிட்னி கொஞ்சம் பெருசாகி ரெண்டோட வேலையையும் கிட்டத்தட்ட அதுவே செய்யுதாம். நல்லா நடமாடுறாங்க. ஹால் அவங்களுது. நாங்க உள்ரூம்ல, படிக்கிற எங்க பொண்ணோட பரீட்சைப் புஸ்தகத்துக்கு நடுவுல.

அப்பவும் பேச்சு கிடையாது. ஆனா நான் எங்க உக்காந்தாலும் பக்கத்துல ஒரு பாட்டில் தண்ணி வந்திடும். யார் வச்சான்னு தெரியாது. பேப்பர் படிச்சிட்டுத் திரும்பினா பாட்டில். செருப்பு மாட்டக் குனிஞ்சா செருப்புக்குப் பக்கத்துல பாட்டில். ஊறுகாய் ஜாடி காணாமப் போச்சு. உப்பு டப்பா மேல் அலமாரிக்குப் போச்சு. மாத்திரை வேளைக்கு, எதிர்ப்பு சக்தி இதை வெளியாள்னு நினைச்சுத் தாக்காம இருக்கிறதுக்குத் தர்றாங்களே அந்த மாத்திரை, அந்த வேளைக்குச் சரியா ஹால்ல ஒரு இருமல். வேற ஒண்ணும் இல்லை, ஒரு இருமல். இருநூறு பொண்ணுங்க எப்படித் தூங்கினாங்கன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

இவ்வளவும் செய்வாங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் குடுத்த கிட்னின்னு வாயைத் திறந்து சொன்னதில்லை தம்பி. பக்கத்து வீட்டம்மா வந்து, நீங்க தெய்வம்னு ஆரம்பிச்சா, எழுந்து துணி மடிக்கப் போயிடுவாங்க. இது நியாயமா சொல்லுங்க. நாலு வார்த்தை சொல்லிக்காட்டினா நானும் நாலு வார்த்தை சொல்லலாம். ரெண்டு பேரும் சண்டை போட்டு, கத்தி, ஒரு முடிவுக்கு வரலாம். எதுவுமே சொல்லாதவங்களை நான் என்னன்னு திட்டுறது? நன்றின்னு ஒரு தடவை சொல்லிடலாம்னு கிட்டப் போனேன். தொண்டை வரைக்கும் வந்துச்சு. அவங்க மககிட்ட, "வழியில நிக்கிறாரு, நகரச் சொல்லு"ன்னாங்க. நகர்ந்துட்டேன்.

...என்ன தம்பி வேர்க்குது உங்களுக்கு? வேர்க்கட்டும், நல்லதுதான், அந்த அளவுக்காவது பையில குறையும்.

இன்னிக்கு எதுக்கு வந்தேன்னு கேளுங்க. மறுபடி கிரேன் ஏறி நாலஞ்சு மாசம் ஆச்சு. இப்ப என்னைக் கப்பல் நிக்கிற கடைசி மேடைக்குப் போட்டிருக்காங்க, கக்கூஸ் இன்னும் தூரம். கூண்டுல ஏசி ரிப்பேர். இந்த வெயில்ல கண்ணாடிக் கூண்டு எப்படி இருக்கும்? உடம்புத் தண்ணி முழுக்க வேர்வையாப் போகுது. பாட்டில் பையிலதான் இருக்கு. எடுத்துக் குடிச்சா இறங்கணும், இறங்கினா மைக்குல கூப்பிடுவான். பழைய புத்திசாலித்தனம் திரும்பி வந்திடுச்சு.

நேத்து வழக்கமான ரத்தப் பரிசோதனை. கிரியாட்டினின்னு ஒண்ணு பாப்பாங்க. சதை உழைக்கிறப்ப சேர்ற அழுக்கு அது, கிட்னி நல்லா இருந்தா வெளிய தள்ளிடும். ரத்தத்துல அது ஏறிச்சுன்னா கிட்னி அசந்துபோச்சுன்னு அர்த்தம். ஏறியிருக்கு. டாக்டர் ஃபோன் பண்ணி, நாளைக்கே வந்து மறுபடி ரத்தம் குடுங்க, ஸ்கேன் எடுங்கன்னாரு. குரல்ல சிரிப்பு இல்லை. உடம்பு அதை ஏத்துக்காம விரட்ட ஆரம்பிச்சிருக்கலாம், பாத்துத்தான் சொல்ல முடியும்னாரு.

வீட்ல சொல்லலை. ஷிஃப்ட்டுக்குப் போறேன்னு டிஃபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். இதோ இருக்கு பாருங்க, பையில. ராத்திரி பூரா குழாயடியில நின்னு தண்ணியாக் குடிச்சேன். எனக்கு மறுபடி டயாலிசிஸ்னா போறேன், அந்தக் கட்டில் எனக்குப் பழக்கம்தான். ஆனா அந்தம்மாகிட்டப் போய் என்னன்னு சொல்றது? நீங்க அறுத்துக் குடுத்ததை நான் கெடுத்துட்டேன்னா? கடையில வாங்கின சாமானா, மாத்திக் குடுங்கன்னு கேக்க?

...என் பேரா? என்னைத்தான் கூப்பிடுறாங்க. இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கங்க. எங்கேயும் போயிடாதீங்க. போகவும் முடியாது உங்களால.

*

...இருக்கீங்களா. நல்லது. பையும் இருக்கு.

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்.

உள்ள என்ன நடந்துச்சு தெரியுமா. படுக்கச் சொன்னாரு. அந்தக் குளிர்ந்த பசையைத் தடவினாரு. அந்தக் கருவியை மேல வச்சு நகர்த்துறாரு, நகர்த்துறாரு, ஒரு இடத்துல நின்னுட்டாரு. மறுபடி அழுத்துறாரு. என்ன சார்னேன். பேசாம படுங்கன்னாரு. வெளிய போய் டாக்டரைக் கூட்டிட்டு வர்றாரு. ரெண்டு பேரும் திரையைப் பாக்குறாங்க, நான் அவங்க முகத்தைப் பாக்குறேன். வீங்கின மாதிரி இருக்கேங்கிறாரு டாக்டர். போச்சுடான்னு நினைச்சேன். அந்தம்மா துணி மடிக்கிறது கண்ணு முன்னாடி வருது.

அப்புறம் டாக்டர் என்னைப் பாத்துக் கேக்குறாரு, எவ்வளவு தண்ணி குடிச்சீங்கன்னு. ஒரு லிட்டர் சொன்னாங்க, பயத்துல ரெண்டரை குடிச்சேன்னேன். முதல்ல எழுந்து போய் ஒண்ணுக்குப் போயிட்டு வாங்கன்னாரு. போனேன். அப்படி ஒரு சுகம் தம்பி... சரி, அதை உங்ககிட்ட இப்பச் சொல்லக்கூடாது. திரும்பி வந்து படுத்தா, வீக்கத்தைக் காணோம். பை ரொம்ப நிறைஞ்சு, கீழ இறங்க வழியில்லாம மேல தேங்கி நின்னிருக்கு, அவ்வளவுதானாம். காலையில குடுத்த ரத்தத்தோட ரிசல்ட்டும் வந்திடுச்சு. அந்தக் கிரியாட்டினின் நம்பர் இறங்கியிருக்கு. விரட்டல் எல்லாம் இல்லை. தண்ணி பத்தலை. வேற ஒண்ணுமே இல்லை, தண்ணி பத்தலை.

அதுக்கப்புறம் டாக்டர் பேசினாரு பாருங்க. பத்து லட்சம் வடிகட்டியும் நூத்தியெண்பது லிட்டரும் மறுபடி முதல்ல இருந்து. உங்க கம்பெனிக்கு நானே பேசுறேன், ஏசி சரி பண்ணி, நினைச்சப்ப இறங்க விடலைன்னா கிரேன் ஏறக்கூடாதுன்னாரு. நீங்க இறங்குறதை அவங்க மைக்குல சொன்னா சொல்லிட்டுப் போறாங்க, உங்க மாமியார் உங்களுக்காக வயித்தைக் கிழிச்சிக்கிட்டாங்க, நீங்க ஒரு மைக்குக்குப் பயப்படுறீங்களான்னு கேட்டாரு. நல்லாப் படிச்ச மனுஷன், எங்க குத்தணும்னு தெரிஞ்சு குத்துறாரு.

இப்ப வீட்ல சொல்லணுமா வேணாமா, நீங்களே சொல்லுங்க. ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சு. சொல்லாம விட்டுட்டா...

எங்க எழுந்திரிக்கிறீங்க? உங்களை இன்னும் கூப்பிடலையே. தம்பி. தம்பி, அது ஸ்டோர் ரூம், வலது பக்கம் திரும்புங்க, வலது பக்கம்... ஓடுறாரே. கல்லு வேற இருக்கு, பாத்து.

போச்சு. குடிச்சது அத்தனையும் போச்சு. இனிமே முதல்ல இருந்து குடிக்கணும். பாட்டிலையும் விட்டுட்டுப் போயிட்டாரு.

...யாரு இது. வீட்டு நம்பர் இல்லையே. இது... எங்க மாமியார் நம்பர். இது என் ஃபோன்ல வந்ததே இல்லையே.

ஹலோ. ...ஆமா, நான்தான். அவளுக்கு ஏதாவது... இல்லையா. சரி. ...துறைமுகத்துக்கு ஃபோன் பண்ணீங்களா? ...ஆமா, வேலைக்குப் போகலை. ...ஆஸ்பத்திரியில இருக்கேன். ...இல்லை இல்லை, உக்காருங்க, முதல்ல உக்காருங்க. ஒண்ணும் இல்லை. அந்த நம்பர் கொஞ்சம் ஏறியிருந்துச்சு. இப்ப இறங்கிடுச்சு. ஸ்கேன் பாத்துட்டாங்க. நல்லா இருக்கு. ...நிஜமா நல்லா இருக்கு அத்தை.

...என்னது? ஒரு வாரமாவா? ...பாத்ரூம்ல தண்ணி இழுத்து விடுற சத்தம் கம்மியா இருக்குன்னா? அதைக்கூடவா கேட்டுட்டு இருந்தீங்க. ...நான் போற எண்ணிக்கை உங்களுக்குத் தெரியுமா. ...சரி, சரி.

தெரிஞ்சிருந்தா ஏன் என்னைக் கேக்கலை?

...ம்.

...சொல்லிக்காட்டுற மாதிரி ஆயிடும்னா?

...

அத்தை, லைன்ல இருக்கீங்களா. நான் ஒண்ணு சொல்றேன். நீங்க கேட்டிருக்கணும். இத்தனை நாளும் கேட்டிருக்கணும். சொல்லிக்காட்டியிருக்கணும். அப்படி வாயை மூடிட்டு இருந்தா நான் உங்ககிட்ட எப்படி... இல்லை, நான் குத்தம் சொல்லலை. தப்பு என்னுதுதான். தண்ணி குடிக்கலை நான். ...கூண்டுல கக்கூஸ் இல்லை, அதனாலதான். ...பாட்டில் பையிலயே இருந்துச்சு. ...ஆமா, நீங்க வச்ச பாட்டில்தான். ...மூடியைக்கூடத் திறக்கலை.

...ஆமா. ...ஆமா அத்தை. உங்க கிட்னிதான். ...உங்களுதுதான், இல்லைன்னு யார் சொன்னா. ...அதைக் கொண்டுபோய் வெயில்ல காயவச்சேன், ஆமா. ...சொல்லுங்க. ...அறிவு இல்லைதான். ...இன்னும் சொல்லுங்க. ...இல்லைங்க, சிரிக்கலை. ...சத்தியமா சிரிக்கலை, இது வேற.

பக்கத்துல எல்லாரும் பாக்குறாங்களா? பாக்கட்டும், அவங்களுக்கும் பொழுது போகணும்ல. ...இல்லை, வீட்டுக்கு வர்ற பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு. ...ம். ...ம். ...இல்லை அத்தை, ஃபோன்ல சார்ஜ் நிறைய இருக்கு. நீங்க பேசுங்க. நான் கேட்டுட்டு இருக்கேன்.